காலையில் ஒட்டகத்தைக் காணோம்

ஒட்டகத்தின் மேல் ஏறி உட்காருவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அது மணலில் கால்களை மடக்கிக்கொண்டு கிடக்கும்; திண்ணையில் ஏறுவதைப் போல ஒரு காலைத் தூக்கிப் போட்டால் முடிந்தது. அப்புறம் அது எழுந்திருக்கும் பாருங்கள், அந்த நான்கைந்து வினாடிதான் ஆளைச் சோதிப்பது. முன்னங்காலில் முட்டி போட்ட நிலையிலேயே பின்னங்கால் இரண்டையும் சட்டென்று நிமிர்த்தும். அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போவதைப் போல நாம் முன்னால் சரிவோம். விழுந்துவிட்டோம் என்று நினைக்கிற அதே நொடியில் முன்னங்கால்களும் நிமிரும்; இப்போது முதுகு பின்னால் போகும். ஒட்டகக்காரர் கீழே நின்றுகொண்டு "பீச்சே, பீச்சே" என்று கத்தினார். பின்னால் சாயச் சொல்கிறார். எனக்கு இந்தி அரைகுறை. பின்னால் யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் ஏதோ 'களுக்' என்றது. அந்தக் களுக்கோடுதான் பயணம் தொடங்கியது.

இடம் கூரி. ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மண்வீட்டுக் கிராமம். பிப்ரவரி மாத நடுப்பகுதி. கூட வந்தது என் மனைவியின் தம்பி. நான்கு வருடமாக ராஜஸ்தானில் வேலை பார்க்கிறான். இந்தி சரளம், மார்வாரி சமாளிப்பான். "அத்தான், எல்லாரும் சம் மணல்மேட்டுக்குத்தான் போவார்கள். அங்கே ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஒலிபெருக்கி அலறும். நாம் இந்தப் பக்கம் போவோம்" என்று அவன்தான் இழுத்து வந்தான். சம் பக்கம் வரிசையாகக் கூடாரங்கள், மணலைக் கிழித்துக்கொண்டு ஓடும் ஜீப்புகள், ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. அது பிடித்தவர்களுக்கு அது. எங்களுக்கு மூன்று ஒட்டகம், ஒரு ஒட்டகக்காரர், ரஜாய் எனப்படும் பஞ்சு வைத்த போர்வைகள் நான்கு, ஒரு மூட்டை மாவு, தண்ணீர்க் கேன்கள். கூடாரம் கிடையாது. வெட்டவெளிப் படுக்கை.

ஒட்டகக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என் மைத்துனன் அவரைக் "காக்கா சா" என்று கூப்பிட்டான். மார்வாரியில் சித்தப்பாவுக்குக் காக்கா, 'சா' மரியாதைக்கு. முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டேன். இந்தக் கட்டுரையிலும் அவர் காக்கா சாதான்.

என் ஒட்டகத்தின் பெயர் மோதி. கழுத்தில் ஒரு பித்தளை மணி. மைத்துனனின் ஒட்டகம் ராக்கெட். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, நடையில் அதற்கு ஆதாரம் எதுவும் தென்படவில்லை. மூன்றாவது, மூட்டைகளைச் சுமந்த ஒட்டகம். அதில் காக்கா சா ஏறுவார் என்று நினைத்தேன். அவர் பெரும்பாலும் நடந்துதான் வந்தார்.

ஏற்பாடு செய்து கொடுத்த ஆள் தொலைபேசியில் சொன்னது "மனித வாடையே இல்லாத பாலைவனம்" என்று. முதல் ஒரு மணி நேரத்தில் நாங்கள் பார்த்தவை: இருநூறு ஆடுகள், அவற்றின் பின்னால் கைபேசியில் பாட்டுக் கேட்டபடி ஒரு பையன், தலையில் இரண்டு குடங்களோடு மூன்று பெண்கள், பள்ளிச் சீருடையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த சிறுவன், ஒரு கைபேசிக் கோபுரம், தொடுவானம் நெடுகக் காற்றாலைகள். உலகத்தில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் பாலைவனம் தார் என்று படித்திருக்கிறேன். படித்ததும் பார்ப்பதும் வேறு. காலியான மணல்வெளியைக் கற்பனை செய்துகொண்டு வந்தவனுக்கு அந்தக் காற்றாலைகளைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் அவை விழாத கோணமாகத் தேடினேன்.

இன்னொன்று, தார் முழுக்க மணல்மேடு என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பெரும்பகுதி கட்டாந்தரையும் புதரும்தான். எருக்கஞ்செடி எங்கு பார்த்தாலும் நிற்கிறது. ஆங்காங்கே ஒற்றையாக நிற்கும் மரத்தைக் காட்டி, "கேஜ்டி" என்றார் காக்கா சா. இலையைப் பிய்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, நம் வன்னி மரம். நம் பக்கத்தில் கோயில்களில் தலவிருட்சமாக நிற்பது, இங்கே ஊரையே காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் மனிதருக்கு. மழை ஆண்டுக்கு 20 சென்டிமீட்டரைத் தொட்டாலே பெரிது என்ற ஊரில், வேரை வெகு ஆழத்துக்கு இறக்கி நிற்கும் மரம். ராஜஸ்தானின் மாநில மரமும் இதுதான்.

சவாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரையைப் போல இல்லை. ஒட்டகம் ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஏறக்குறைய சேர்த்தே எடுத்து வைக்கும். அதனால் நாம் படகில் உட்கார்ந்ததைப் போல இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருப்போம். முதல் பத்து நிமிடம் ராஜா மாதிரி இருக்கிறது. அரை மணி நேரத்தில் தொடையின் உள்பக்கம் எரியத் தொடங்குகிறது. திமிலைச் சுற்றிப் போட்டிருக்கும் சேணம் அகலம். காலை அவ்வளவு விரித்து உட்கார்ந்து பழக்கமில்லை. என் சேணத்தில் கால் வைக்க வளையமும் கிடையாது, கால்கள் தொங்கல்தான். தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன், அது தவறு. போகிறவர்கள் தொளதொளப்பான பருத்திக் கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். காலை மாற்றி மாற்றி முன்னால் மடித்து வைத்துக்கொள்ளலாம் என்று காக்கா சா காட்டினார். ஒட்டகம் ஆடும் திசையிலேயே இடுப்பைவிட்டால் வலி குறைகிறது, எதிர்த்து விறைத்தால் செத்தோம்.

ஒரு மணி நேரம் ஆனதும் நான் இறங்கி நடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மைத்துனன் சிரித்தான். காக்கா சா சிரிக்கவில்லை. "ஜே... ஜே..." என்று ஒரு சத்தம் கொடுத்து மோதியை உட்கார வைத்து, மூக்கணாங்கயிற்றை என் கையில் கொடுத்தார். சவாரிக்கு வந்தவன் நடக்கிறானே என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் மேலே உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்தது தொடுவானத்தைத்தான். கீழே இறங்கிய பிறகுதான் தரையைப் பார்த்தேன். பயணம் அங்கேதான் மாறியது.

மணல் முழுக்க எழுதியிருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நூல் தையல் போட்டதைப் போல ஒரு வண்டு நடந்த தடம். வாலை இழுத்துக்கொண்டு ஓணான் ஓடிய கோடு. பூனைக்கால் மாதிரி ஒன்று நேர்கோட்டில் போயிருந்தது. "லோம்டி" என்றார் காக்கா சா. நரி. "விடிவதற்கு முன்னால் போயிருக்கிறது." எப்படித் தெரியும் என்றேன். அதன் தடத்தின் மேல் ஒரு வண்டுத் தடம் குறுக்கே போயிருப்பதைக் காட்டினார். வண்டு வெயில் ஏறிய பிறகு கிளம்புவது. வண்டு பின்னால் வந்ததென்றால் நரி முன்னால் போயிருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

கொஞ்ச தூரம் போனதும் ஒட்டகத் தடம் ஒன்றைக் காட்டி, "இது என் அண்ணன் மகனுடையது" என்றார். ஒட்டகத்தின் பாதம் குளம்பு போல இல்லை. இரண்டு விரல்களோடு பெரிய மெத்தைத் தட்டு. எடை ஏறியதும் அகலமாக விரிந்துகொடுக்கும், அதனால் மணலில் புதையாது. அந்தத் தட்டுத் தடம் எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம். இந்தப் பக்கத்தில் தடம் படிப்பதிலேயே கைதேர்ந்தவர்களைப் 'பகி' என்கிறார்கள். காணாமல் போன மாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்த ஆள் வரை தடத்தை வைத்தே கண்டுபிடிப்பவர்கள். காக்கா சாவின் தாத்தா அப்படிப்பட்டவராம். "எனக்கு என் ஒட்டகங்களைத் தெரியும், அது போதும்" என்றார்.

மதியத்துக்கு மேல் ஒரு சம்பவம். ஓய்வுக்கு நிறுத்திய இடத்தில் ராக்கெட் தரையில் கிடந்த வெளுத்த எலும்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடகடவென்று மென்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலை தின்னும் விலங்கு எலும்பைத் தின்னுமா? சங்கப் பாடல் ஒன்றில், பாலை வழியில் காய்ந்து கிடக்கும் வெள்ளெலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்க்கும் என்று வருகிறது. படித்த காலத்தில் கவிஞர் ஒட்டகத்தைப் பார்க்காமலே எழுதிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வகுப்பில் சிரித்தும் இருக்கிறோம். மண்ணில் பாஸ்பரஸ் குறைந்த இடங்களில் மேய்கிற ஒட்டகமும் மாடும் அந்தக் குறையை ஈடுகட்ட எலும்பை மெல்லும் என்பது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்தப் புலவர் பார்த்திருக்கிறார், அல்லது பார்த்தவரிடம் கேட்டிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். காக்கா சா எலும்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையிலிருந்து ஒரு கட்டி உப்பை எடுத்து ராக்கெட்டின் வாயில் திணித்தார். செத்த விலங்கின் எலும்பிலிருந்து நோய் வரும் என்ற பயம் அவருக்கு.

திமிலில் தண்ணீர் இருக்காது, கொழுப்புதான் என்பது இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு வியப்பு வேறிடத்தில். நாம் வியர்த்து உடம்பைக் குளிர வைக்கிறோம். தண்ணீர் கிடைக்காத நாளில் ஒட்டகம் அந்தச் செலவைச் செய்வதில்லை. உடல் சூடு ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடுகிறது. விடியற்காலையில் 34 டிகிரி செல்சியஸில் இருக்கும் சூடு மாலைக்குள் 40 டிகிரியைத் தாண்டும்; ராத்திரிக் குளிரில் தானாக இறங்கும். நமக்கு 40 டிகிரி என்றால் ஆஸ்பத்திரி. தண்ணீரைக் கண்டுவிட்டால் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் வரை குடித்துவிடும். மோதி ஒரு தொட்டியில் குடித்ததைப் பார்த்தேன். கழுத்தில் தண்ணீர் ஏறுவது வெளியிலிருந்தே தெரிகிறது.

மரியாதை வரும் அதே வேகத்தில் அருவருப்பும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் ஒட்டகத்துக்கு இணை தேடும் காலம். ராக்கெட் ஆண். எங்கேயோ தூரத்தில் ஒரு பெட்டையின் வாடை வந்ததோ என்னவோ, வாயின் ஒரு பக்கத்திலிருந்து இளஞ்சிவப்புப் பலூன் போல ஒன்றை வெளியே தள்ளி, குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தோடு நுரையைக் கக்கியது. அண்ணத்தின் மென்மையான சதைதான் அப்படி ஊதிக்கொண்டு வெளியே வருகிறது. மேலே உட்கார்ந்திருந்த மைத்துனன், "அத்தான், இதுக்கு உடம்பு சரியில்லை, குடல் வெளியே வருது" என்று அலறினான். இறங்கவும் முடியவில்லை. இப்போது என் முறை, நான் சிரித்தேன்.

மணல்மேட்டை அடைந்தபோது ஐந்து மணி. அவர்கள் 'தோரா' என்கிறார்கள். நம் 'தேரி'யின் தூரத்துச் சொந்தம் மாதிரி காதில் விழுந்தது. காற்று வரும் பக்கம் சரிவாக, மணல் இறுகி இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக, பொலபொலவென்று. காற்று மணலைச் சரிவு வழியாக உச்சிக்கு உருட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் கொட்டுகிறது. கொட்டிய மணல் 30 டிகிரிக்குச் சற்று மேலே சாய்ந்ததும் நிற்க முடியாமல் சரியும். குன்று இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. ஒட்டகங்களைச் சரிவுப் பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். நான் குறுக்கு வழி என்று நினைத்துச் செங்குத்துப் பக்கம் ஏறப் போய், ஐந்து அடி வைத்தால் நான்கடி சறுக்கி, இருபது நிமிடத்தை வீணாக்கினேன்.

சூரியன் ஆறரைக்கு மேல்தான் மறைந்தது. நாட்டின் மேற்குக் கோடி என்பதால் கடிகாரம் இங்கே கொஞ்சம் முந்தியே ஓடுகிறது. அந்தி அழகைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை, எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் பிறகு நடந்தது. மறைந்த பத்து நிமிடத்தில் மணலின் மேல்பரப்பு சில்லிட்டுவிட்டது. காலை மணலுக்குள் ஒரு சாண் புதைத்தால் உள்ளே பகல் வெயில் அப்படியே இருந்தது. வறண்ட மணல் சூட்டை எளிதில் கடத்தாது. மேலே இருப்பது வானத்துக்குப் போய்விடும், உள்ளே இருப்பது உள்ளேயே. கால்களைப் புதைத்துக்கொண்டு கம்பு ரொட்டி சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள கேர்-சாங்கிரி. கேர் ஒரு புதரின் காய்; சாங்கிரி என்பது காலையில் பார்த்த அதே வன்னியின் காயைக் காய வைத்தது. புளிப்பும் காரமும் கொஞ்சம் மணலும். மணல் இல்லாமல் இங்கே எதையும் சாப்பிட முடியாது, பல்லில் கடிபடுவதைப் பொருட்படுத்தக் கூடாது.

நெருப்புக்குப் பக்கத்தில் காக்கா சா கேட்டார், எந்த ஊர் என்று. மைத்துனன், "தெற்கே, ரொம்பத் தெற்கே" என்றான். "லங்கா பக்கமா?" கிட்டத்தட்ட அப்படித்தான் என்றான். கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் ஒட்டகம் உங்கள் ஊர்ச் சரக்கு" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் சொன்ன கதை இது. பாபூஜி என்று ஒரு வீரர். இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெய்வம். தன் அண்ணன் மகளுக்குக் கல்யாணச் சீராக ஒட்டகம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்போது இந்த நாட்டில் ஒட்டகமே கிடையாது. லங்கையில் ராவணனிடம்தான் இருந்ததாம். பாபூஜி படை திரட்டிப் போய், ராவணனோடு சண்டை போட்டு, செந்நிறப் பெண் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்துதான் மார்வாரில் ஒட்டகம். ஒட்டகம் வளர்க்கும் ரைக்கா, ரேபாரி மக்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அவர் கதையைப் பெரிய திரைச்சீலையில் ஓவியமாக எழுதி, இரவு முழுக்க அதன் முன்னால் நின்று பாடுவார்கள். பாட்டுக்கு வாசிக்கும் வில் வாத்தியத்தின் பெயரே ராவணஹத்தா. வேடிக்கை என்னவென்றால், லங்கையில் ஒட்டகம் இருந்ததா என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சொல்லப்பட்ட விதம் அப்படி. அதன் பிறகு காக்கா சா என்னைச் 'சாப்' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு 'லங்காவாலே' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவர் தாத்தாவிடம் நாற்பது ஒட்டகங்கள் இருந்தனவாம். இவரிடம் மூன்று. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள். 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். ஏழு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 2014இல் ராஜஸ்தான் அதை மாநில விலங்காக அறிவித்தது. 2015இல் வந்த சட்டம் கொல்வதைத் தடை செய்தது, மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதையும் கட்டுப்படுத்தியது. காப்பாற்றத்தான் சட்டம். வெளியூர் வியாபாரி வராமல் விலை விழுந்து, வளர்ப்பதில் லாபமில்லை என்றாகிவிட்டது என்று வளர்ப்பவர்கள் புலம்புகிறார்கள். சுமை இழுக்க டிராக்டர், ஆள் போக ஜீப். மிச்சம் எங்களைப் போல ஒரு ராத்திரிக்கு வருகிறவர்கள்தான். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. ரொட்டியைப் புரட்டிப் போட்டபடியே சொன்னார்.

வானத்தில் என் பங்குக்கு நான் ஒரு வித்தை காட்டினேன். அமாவாசையை ஒட்டிய நாள். தலைக்கு மேல் திருவாதிரை சிவப்பாக, மேற்கே சாய்ந்து கார்த்திகை. ஒன்பதரை மணிக்குத் தெற்கே கையை நீட்டி, முட்டியை மடக்கிப் பிடித்து, "தொடுவானத்துக்கு மேலே ஒரு முட்டி உயரத்தில் பாருங்கள், அதுதான் அகத்தியர். எங்கள் ஊரில் இன்னும் உயரத்தில் தெரிவார். இங்கே இவ்வளவுதான் எழும்புவார். இவரை வைத்துத் தெற்கு எது என்று கண்டுபிடிக்கலாம்" என்றேன். காக்கா சா மரியாதையாகப் பார்த்தார். தொடுவானத்தின் வேறொரு பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைந்துகொண்டிருந்தன. என் காலுக்கு நேராக அவை விழும்படி படுக்கை போட்டிருந்தார்கள். "இந்த விளக்கு மட்டும் இல்லையென்றால்!" என்று மைத்துனனிடம் சலித்துக்கொண்டு, ரஜாயை முகம்வரை இழுத்துக்கொண்டேன். ரஜாயில் ஒட்டக வாடை. ஒட்டகங்களின் முன்னங்கால் இரண்டையும் தளர்வாகக் கயிற்றால் கட்டி மேயவிட்டிருந்தார். தாவித் தாவித்தான் நடக்க முடியும், தூரம் போகாது என்றார்.

இரண்டு மணி வாக்கில் விழிப்பு வந்தது. ஒதுங்கப் போக வேண்டும். செருப்பு கைக்கு அகப்படவில்லை. கைபேசி எங்கோ ரஜாயின் மடிப்பில். நட்சத்திர வெளிச்சமே இவ்வளவு இருக்கிறதே என்ற மிதப்பில் வெறுங்காலோடு கிளம்பி, மரியாதைக்கு ஒரு மேட்டைத் தாண்டிப் போனேன். வேலையை முடித்துத் திரும்பினால், தாண்டி வந்த மேடு எது என்று தெரியவில்லை. எல்லா மேடும் அதே மேடு. நெருப்பு அணைந்திருந்தது. கூப்பிடலாம். ஆனால் பகல் முழுக்க மைத்துனன் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது, கூப்பிடவில்லை.

அகத்தியரைத் தேடினேன். தெற்கைக் கண்டால் போதும், முகாமைப் பிடித்துவிடலாம். அவர் எப்போதோ அஸ்தமித்திருந்தார். அவ்வளவு தாழ எழும்புகிறவர் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கிவிடுவார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அப்போதுதான் மணிச்சத்தம் கேட்டது. மோதி! அதை நோக்கி நடந்தேன். மணி கொஞ்சம் தள்ளிக் கேட்டது. இன்னும் நடந்தேன். இன்னும் தள்ளி. நான் நிற்கும்போது அதுவும் நிற்பதைப் போலவும், நடந்தால் அதுவும் நடப்பதைப் போலவும் இருந்தது. மணல், வெறுங்காலுக்குப் பனிக்கட்டி. ஒரு கட்டத்தில் மணியும் நின்றுபோக, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தில் அவ்வளவு அமைதி. என் காதுக்குள் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. பத்து நிமிடம் இருக்கலாம், எனக்கு ஒரு ஜாமம்.

பிறகு பக்கத்து மேட்டின் உச்சிக்கு ஏறினேன். அங்கே தெரிந்தன, நாள் முழுக்க நான் திட்டிய சிவப்பு விளக்குகள். படுத்தபோது என் காலுக்கு நேராக இருந்தவை. இப்போது தோளுக்குப் பக்கத்தில். அவை மீண்டும் நேருக்கு நேர் வரும்வரை மேட்டு உச்சியிலேயே நகர்ந்து, பிறகு அவற்றுக்கு முதுகைக் காட்டி நடந்தேன். மைத்துனனின் குறட்டை கேட்டது. அதைப் போல ஓர் இனிய ஓசையை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் இல்லை.

ஏழு மணிக்கு மேல் சூரியன் வந்தது. ரஜாயின் மேல்பக்கம் பனியில் நனைந்திருந்தது. "எப்படித் தூக்கம், அத்தான்?" "அடித்துப் போட்ட மாதிரி" என்றேன். காக்கா சா இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார், "மோதியைக் காணோம்."

அவரிடம் பதற்றம் எதுவும் இல்லை. டீயைக் குடித்து முடித்து, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கிளம்பினார். நாங்கள் பின்னால். முன்னங்கால் கட்டிய ஒட்டகத்தின் தடம் எனக்கே தெரிந்தது, முன்தடம் இரண்டும் ஜோடியாகத் தாவித் தாவி விழுந்திருந்தது. ஓரிடத்தில் புதரைக் கடித்திருக்கிறது. ஓரிடத்தில் படுத்துப் புரண்டிருக்கிறது. இரண்டு மேடு தாண்டியதும் ஒரு பக்கத்திலிருந்து வெறுங்கால் தடம் ஒன்று வந்து ஒட்டகத் தடத்தோடு சேர்ந்துகொண்டது. என் வயிற்றில் ஏதோ செய்தது.

அந்தத் தடம் ஒட்டகத்தைத் தொடர்ந்து போனது. நின்றது. ஒரு வட்டம் அடித்தது. மறுபடி போனது. ஓரிடத்தில் ஆள் உட்கார்ந்த குழி, இரு பக்கமும் கை ஊன்றிய பள்ளம். ஐந்து விரலும் பதிந்திருந்தது. அங்கிருந்து மேட்டை நோக்கித் திரும்பிப் போயிருந்தது.

காக்கா சா குழிக்கு முன்னால் நின்றார். தடத்தைப் பார்த்தார். பிறகு செருப்புப் போட்ட என் காலைப் பார்த்தார். வேறெங்கும் பார்க்கவில்லை.

"யார் இது காக்கா சா? ஒட்டகத்தைத் திருட வந்தவனா?" என்று மைத்துனன் பரபரத்தான்.

"ஆடு மேய்க்கிறவனாக இருக்கும். இருட்டில் வழி தவறியிருப்பான்."

"இந்தக் குளிரில் செருப்புகூட இல்லாமலா?"

"பாவம்" என்றார்.

மோதி அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு வீட்டு முள்வேலியை ஒட்டி நின்ற வன்னியின் கீழ்க்கிளைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த பெண் முக்காட்டுக்குள்ளிருந்தே நாலு வார்த்தை திட்டினார். காக்கா சா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். என்னை மோதியின் மேல் ஏறச் சொன்னார். இந்த முறை அது எழுந்திருக்கும்போது அவர் சொல்வதற்கு முன்பே பின்னால் சாய்ந்தேன்.

திரும்பும்போது வந்த வழியே வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர் இடதுபக்கம் வளைத்து, கீழே புதர்க்காடு வழியாகச் சுற்றிக்கொண்டு கூட்டிப் போனார். ஏன் இவ்வளவு சுற்று என்று மைத்துனன் கேட்டான்.

"அந்தப் பக்கம் மணல் இளகல்" என்றார் காக்கா சா.